43 கோல் அடித்தும் ஊர் ஊராக சுற்றியவர்: ஈகுவடார் வீரர் கவியேடஸ் முகமூடி போட்ட கதை

ஒரே ஆண்டில் 43 கோல். அந்த ஆண்டு உலகின் எந்த நாட்டு முதல் டிவிஷன் லீக்கிலும் வேறு யாரும் அவ்வளவு கோல் அடிக்கவில்லை. ஆனால் ரசிகர்கள் இன்றைக்கும் அவரை ஞாபகம் வைத்திருப்பது அந்த 43 கோலுக்காக இல்லை. நாட்டுக்காக அடித்த 2 கோலுக்காக!

அவர் பெயர் இவான் கவியேடஸ். தென் அமெரிக்காவில் உள்ள ஈகுவடார் நாட்டின் முன்கள வீரர். சாண்டோ டொமிங்கோ என்ற ஊரில் 1977-ம் ஆண்டு அக்டோபர் 24-ந்தேதி பிறந்தவர். ரசிகர்கள் அவரை செல்லமாக 'நைன்' என்று அழைப்பார்கள்.

உலகமே திரும்பி பார்த்தது

ஈகுவடாரின் துறைமுக நகரமான குவாயாகிலில் எமலெக் என்ற கிளப் இருக்கிறது. அந்த கிளப்புக்காகத்தான் 1998-ல் கவியேடஸ் 43 கோல் அடித்து குவித்தார். அப்போது அவருக்கு வயது 21 தான். உலக அளவில் அந்த ஆண்டு லீக் போட்டிகளில் அதிக கோல் அடித்தவர் என்ற பெருமை அவருக்கு கிடைத்தது.

அப்புறம் என்ன? ஐரோப்பா கிளப்புகள் வலை வீசின. 1999 தொடக்கத்தில் இத்தாலி நாட்டின் பெருஜியா அணிக்கு போனார். ஜப்பானின் நட்சத்திர வீரர் நகாட்டா ஆடிக்கொண்டிருந்த அணி அது.

7 நாடுகள்

ஆனால் அங்கே அவரால் கால் ஊன்ற முடியவில்லை. பெருஜியாவில் இருந்து பெட்டியை கட்டியவர், அதன் பிறகு எங்கேயுமே நிலையாக தங்கவில்லை.

ஸ்பெயினில் செல்டா விகோ, வல்லாடோலிட் என்று 2 அணிகள். போர்ச்சுகலில் போர்ட்டோ. மெக்சிகோவில் பியூப்லா. நடுநடுவே சொந்த நாட்டுக்கு திரும்பி பார்சிலோனா, டெபோர்டிவோ குயிட்டோ அணிகள். இந்த பார்சிலோனா ஸ்பெயினில் இருப்பது அல்ல. குவாயாகிலில் அதே பெயரில் உள்ள கிளப். எமலெக்கின் பரம எதிரி!

2004-ல் இங்கிலாந்து பிரிமியர் லீக்குக்கு புதிதாக முன்னேறி இருந்த கிரிஸ்டல் பேலஸ் அணியில் சேர்ந்தார். லீக்கில் ஒரு கோல் கூட அடிக்கவில்லை. சில ஆட்டங்களோடு சரி, கிளம்பிவிட்டார். பிறகு அர்ஜென்டினாவின் அர்ஜென்டினோஸ் ஜூனியர்ஸ். மரடோனா தன் ஆட்டத்தை தொடங்கிய அதே கிளப்.

ஈகுவடாரையும் சேர்த்து மொத்தம் 7 நாடுகளில் ஆடிவிட்டார். ஆனால் 1998-ல் ஆடிய அந்த ஆட்டம் வெளிநாட்டு கிளப் எதிலும் திரும்பவில்லை.

குயிட்டோவில் முதல் கோல்

கிளப்பில் எப்படியோ, தேசிய அணியின் மஞ்சள் சட்டையை போட்டால் அவர் வேறு ஆள்.

2001 நவம்பர் 7-ந்தேதி. தலைநகர் குயிட்டோவில் உள்ள அதாகுவால்பா மைதானம். எதிரணி உருகுவே. அதுவரை ஈகுவடார் ஒரு முறை கூட உலக கோப்பையில் ஆடியது கிடையாது. அன்றைக்கு டிரா செய்தாலே போதும், 2002 போட்டிக்கு தகுதி பெற்றுவிடலாம்.

ஆனால் உருகுவே பெனால்டி மூலம் முந்திக்கொண்டது. மைதானமே அமைதியானது. நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. 72-வது நிமிடத்தில் மூத்த வீரர் அலெக்ஸ் அகினாகா பந்தை தூக்கி போட்டார். கவியேடஸ் எம்பி தலையால் முட்டினார். கோல்!

ஆட்டம் 1-1 என்ற கோல் கணக்கில் முடிந்தது. ஈகுவடார் முதல் முறையாக உலக கோப்பைக்குள் நுழைந்தது. தென் அமெரிக்க தகுதி சுற்றில் பிரேசிலையே பின்னுக்கு தள்ளி 2-வது இடம் பிடித்தது.

இறந்துபோன நண்பர்

தேசிய அணியில் கவியேடசுடன் ஆடியவர் ஒட்டிலினோ டெனோரியோ. எமலெக் ரசிகர்களின் செல்லப்பிள்ளை. கோல் அடித்ததும் முகமூடியை எடுத்து மாட்டிக்கொள்வது இவரது வழக்கம். குறிப்பாக ஸ்பைடர்மேன் முகமூடி. சின்ன பிள்ளைகளுக்கு அதை பார்ப்பதில் அவ்வளவு சந்தோஷம்.

2005 மே 7-ந்தேதி சாலை விபத்தில் ஒட்டிலினோ இறந்துபோனார். வயது 25 தான். அடுத்த ஆண்டு ஜெர்மனியில் நடந்த உலக கோப்பையை பார்க்க அவருக்கு கொடுத்து வைக்கவில்லை.

ஹாம்பர்க்கில் முகமூடி

2006 உலக கோப்பையில் ஈகுவடார் முதல் ஆட்டத்தில் போலந்தை 2-0 என்று வென்றது. மாற்று வீரராக இறங்கிய கவியேடஸ், அகஸ்டின் டெல்காடோ அடித்த 2-வது கோலுக்கு பந்தை கொடுத்து உதவினார்.

ஜூன் 15-ந்தேதி ஹாம்பர்க் நகரில் கோஸ்டாரிகாவுடன் 2-வது ஆட்டம். கார்லோஸ் டெனோரியோ (இவர் வேறு டெனோரியோ), டெல்காடோ ஆகியோர் கோல் அடிக்க, ஈகுவடார் 2-0 என்று முன்னிலையில் இருந்தது. இதிலும் கவியேடஸ் மாற்று வீரராகவே களம் இறங்கினார்.

90 நிமிடம் முடிந்து கூடுதல் நேரம் நடந்துகொண்டிருந்தது. வலது பக்கத்தில் இருந்து எடிசன் மெண்டஸ் அனுப்பிய பந்தை கவியேடஸ் வலைக்குள் தள்ளினார். அடுத்து அவர் செய்த காரியம்தான் உலகம் முழுக்க டி.வி.யில் பார்த்தவர்களை அசர வைத்தது.

கால்சட்டைக்குள் மறைத்து வைத்திருந்த மஞ்சள் நிற ஸ்பைடர்மேன் முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டார். விஷயம் தெரியாதவர்கள் ஏதோ விளையாட்டு என்று சிரித்தார்கள். ஈகுவடார் மக்களுக்கு அது யாருக்காக என்று உடனே புரிந்துவிட்டது. உலக கோப்பைக்கு வர முடியாமல் போன ஒட்டிலினோவின் கொண்டாட்டத்தை அவருக்கு பதிலாக கவியேடஸ் செய்து முடித்தார்.

அந்த 3-0 வெற்றியால் ஈகுவடார் முதல் முறையாக 2-வது சுற்றுக்கு போனது. அங்கே இங்கிலாந்திடம் 0-1 என்று தோற்றது. பெக்காம் பிரீ கிக்கில் அடித்த கோல் அது.

அதற்கு பிறகு 2014, 2022 உலக கோப்பைகளில் ஈகுவடார் ஆடியது. 2026 போட்டிக்கும் தகுதி பெற்றது. இத்தனைக்கும் முதன்முதலில் கதவை திறந்துவிட்டது, ஊர் ஊராக சுற்றியும் எங்கேயும் நிலைக்காத கவியேடஸ் தலையால் முட்டிய அந்த ஒரு கோல்தான் என்பது குறிப்பிடத்தக்கது.