திறந்தவெளியில் மனித உருவங்கள்: இம்ப்ரெஷனிச ஓவியம்

ஓவியக்கூடத்தில் தனியே வரைந்த ஆள்களை ஓர் இயற்கைக் காட்சியின் முன் கொண்டுவந்து நிறுத்தாமல், மரத்தின்மீதும் புல்லின்மீதும் விழுகிற அதே வெயிலில் வைத்து வரையும் முறை 1860களில் பிரான்சில் உருப்பெற்றது. எண்ணெய் வண்ணத்தை அடைக்கும் உலோகக் குழாய்க்கு ஜான் ராண்ட் 1841இல் காப்புரிமை பெற்றபின் வெளியிடங்களில் வரைவது எளிதாகியிருந்தது. ஆள்களை அங்கே வரைவது மட்டும் கடினமாகவே இருந்தது. வெயில் நகர்ந்துவிடும், மாதிரியாக நிற்பவர் களைத்துவிடுவார்.

இந்தச் சிக்கலோடு நீண்டகாலம் போராடியவர் கிளாட் மோனே. மானே என்ற மற்றோர் ஓவியரின் ‘புல்வெளியில் மதிய உணவு’ 1863இல் பாரிஸில் பரபரப்பூட்டியது. அதே தலைப்பில் மோனே 1865இல் 6 மீட்டர் அகலமுள்ள ஓவியம் ஒன்றைத் தொடங்கிப் பாதியில் கைவிட்டார். வாடகை பாக்கிக்கு ஈடாக வீட்டுக்காரரிடம் அதை ஒப்படைக்க நேர்ந்தது. திரும்பக் கிடைத்தபோது ஈரத்தில் பூஞ்சை பிடித்திருந்ததால் துண்டுகளாக வெட்டினார்.

அடுத்து வந்த ‘தோட்டத்தில் பெண்கள்’ (1866–67) இரண்டரை மீட்டர் உயரம். அதன் மேற்பகுதியை வரைவதற்காகத் தோட்டத்தில் பள்ளம் தோண்டி ஓவியச் சீலையை அதற்குள் இறக்கினார். வெள்ளை உடைமேல் விழும் நிழல் இதில் நீலமாகிறது; இலைகளின் பச்சை முகத்தில் படிகிறது. கதையோ நிகழ்ச்சியோ இல்லாத இப்படத்தை 1867இல் சலோன் கண்காட்சி நிராகரித்தது. நண்பர் பஸீய் மாதம் 50 ஃபிராங்க் தவணையில் 2,500 ஃபிராங்குக்கு வாங்கி ஆதரித்தார். அந்த நண்பர் 1870இல் போரில் மாண்டார். 1921இல் பிரெஞ்சு அரசு இதே படத்துக்கு 2,00,000 ஃபிராங்க் கொடுத்தது.

மரநிழலில் இருக்கும் பெண்ணின் உடலில் ஓவியர் ரெனுவார் தீட்டிய பச்சை, ஊதாத் திட்டுகளை 1876இல் விமர்சகர் ஆல்பெர் வோல்ஃப் அழுகிய சதையோடு ஒப்பிட்டார். வண்ணத்தை நிழல் மாற்றும் என்பதை அவர் காண மறுத்தார். பெர்த் மொரிசோவின் ‘கோடை நாள்’ (1879) ஓவியத்தில் படகிலுள்ள பெண்களும் ஏரி நீரும் ஒரே வேகத் தீற்றலில் கலக்கிறார்கள்.

மோனேயின் 1875ஆம் ஆண்டுக் ‘குடைப் பெண்’ ஓவியத்தில் மனைவி கமீயின் முகம் மெல்லிய திரைக்குப் பின்னாவது தெரிந்தது. கமீ 1879இல் இறந்தார். 1886இல் சுசான் ஓஷெதே என்ற பெண்ணை மாதிரியாக வைத்து அதே போன்ற காட்சியை மோனே இருமுறை வரைந்தபோது முகக்கூறுகள் ஏறக்குறைய மறைந்துவிட்டன. ஆளும் மேகமும் காற்றுக்கு ஒன்றாயின. இந்த ஓவிய முறை எட்டிய எல்லை இதுவே. அவ்விரு ஓவியங்களும் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளன.