வெளுப்பின் அளவுகோல்

காஞ்சிபுரத்தில் சலவைக்கு ஒரு பழைய தேர்வுக் கதை உண்டு. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், இவ்வூர்த் திருக்குறிப்புத் தொண்டரிடம் சிவன் முதியவராக வந்து அழுக்குக் கந்தையைத் தருகிறார். பொழுது சாய்வதற்குள் வெளுத்து உலர்த்தித் தர வேண்டும் என்பது நிபந்தனை, மழையோ விடவில்லை. இது புராணம், வரலாற்றுச் சான்று ஆகாது என்பார்கள். சரிதான். ஆனால் சலவையை எப்படி மதிப்பிட்டார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எது? வெண்மை மட்டும் போதாது; நேரமும் ஈரமும் சேர்ந்தே கணக்கு.

உவர்மண்ணில் ஊறவைத்து, வெள்ளாவியில் அவித்து, கல்லில் அடித்த காலத்தில் கண்ணே கருவி. இன்றைய ஆய்வகத்தில் ஒரே அளவாக அழுக்கேற்றிய துணித்துண்டுகளை, குறித்த வெப்பத்தில் இயந்திரம் துவைக்கிறது. துணி திருப்பும் ஒளியைத் துவைப்பதற்கு முன்னும் பின்னும் அளக்கிறார்கள். கண் ஏமாறும், கருவி ஏமாறாது என்ற வாதத்தில் பாதி உண்மை உண்டு. சலவைத்தூளிலுள்ள ஒளிர்வூட்டி, கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை நீலமாக்கி, போகாத அழுக்கையும் மறைத்துவிடும். (பழைய நீலப்பொடியும் கிட்டத்தட்ட இதே தந்திரக்காரன்தான்!) புற ஊதாவை வடிகட்டாவிட்டால் கருவியும் ஏமாறும். தவிர, வெண்மையை அளக்கும் எண் பட்டின் சாயம் கரைந்ததைச் சொல்லாது. அதைத் தனியே சோதிக்க வேண்டும். சேலைக்காரியோ இரண்டையும் ஒரே பார்வையில் கேட்டுவிடுவாள்.