தோட்டத்தில் ஒரு கல்லறை



நிலமும் வழிபாடும் பற்றிப் பேசச் சொல்லி இந்த நினைவுரைக்கு அழைத்தார்கள். என் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். நாங்கள் கத்தோலிக்கர்கள். இடுகாடு என்று சொல்ல மாட்டோம், கல்லறைத் தோட்டம் என்போம். தோட்டம் என்பது பெயரில்தான். எங்கள் தெருக்காரர்களைப் புதைக்கிற பக்கத்தில் வேலிக்கருவையைத் தவிர வேறெதுவும் வளர்ந்து நான் பார்த்ததில்லை. நடுவில் இடுப்புயரச் சுவர் ஒன்று. அந்தப் பக்கம் சிமெண்ட் சிலுவையும் பளிங்குப் பெயர்ப்பலகையும். இந்தப் பக்கம் மண்மேடு, இரண்டு மழைக்கு அதுவும் நிற்காது.

அந்தச் சுவரை மனதில் வைத்துக்கொண்டு என்னோடு நியூ ஆர்லியன்ஸுக்கு வாருங்கள். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துத் துறைமுக நகரம் அது. பிரெஞ்சுக்காரர்கள் அமைத்தது, எனவே கத்தோலிக்க ஊர். 1724இல் பிரெஞ்சு அரசன் லூசியானாவுக்கென்று ஓர் அடிமைச் சட்டம் போட்டான். ‘கருப்புச் சட்டம்’ என்றே அதற்குப் பெயர். அடிமைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை அவர்களிடம் வேலை வாங்கக் கூடாது என்றது. அதே சட்டம் அடிமைகளுக்குச் சொத்துரிமை கிடையாது என்றும் சொன்னது. ஆன்மா உண்டு, அரைக்காணி கிடையாது. இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல.

ஆனால் அந்த ஒரு நாள் ஓய்வை அடிமைகள் என்ன செய்தார்கள் என்பதுதான் முக்கியம். எஜமானர்கள் சோற்றுச் செலவை மிச்சப்படுத்த, ஒதுக்குப்புறமான துண்டு நிலத்தில் நீயே பயிரிட்டுச் சாப்பிடு என்று விட்டிருந்தார்கள். அதில் விளைந்ததை ஞாயிறன்று ஊருக்குப் பின்னால் இருந்த பொட்டலில் கொண்டுவந்து விற்றார்கள். விற்றதோடு நிற்கவில்லை. ஆப்பிரிக்கப் பறை முழங்க ஆடினார்கள். 1817இல் நகர நிர்வாகம் இந்த ஆட்டத்தை ஒரே ஓர் இடத்தோடு அடக்கியது. காங்கோ சதுக்கம் என்று அறியப்படும் இடம் அதுதான். ஜாஸ் இசையின் வேர்களைத் தேடுகிறவர்கள் இன்றும் அங்கேதான் போய் நிற்கிறார்கள். அந்த ஊரின் புகழ்பெற்ற ‘கம்போ’ குழம்பின் பெயரும் வெண்டைக்காய்க்கான ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்தது. நம் வீட்டு வெண்டைக்காய்தான். தோட்டம் இவர்களுக்குப் பொழுதுபோக்கு அல்ல. தன் உழைப்பின் பலன் தன் கைக்கே வந்த ஒரே இடம்.

அந்தச் சதுக்கத்திலிருந்து சில தெருக்கள் தள்ளி, ட்ரெமே என்ற பகுதியில் புனித அகஸ்தினார் ஆலயம் இருக்கிறது. அடிமைமுறைக் காலத்திலேயே விடுதலை பெற்றிருந்த கருப்பின மக்கள் பெருமுயற்சி எடுத்து எழுப்பிய ஆலயம். 1842 அக்டோபரில் அர்ச்சிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் கோயில் இருக்கைகளைக் குடும்பங்கள் பணம் கட்டி வாங்க வேண்டும். அர்ச்சிப்புக்கு முன்பே இவர்கள் இருக்கைகளை வாங்கத் தொடங்கினார்கள். செய்தி தெரிந்ததும் வெள்ளையர்களும் போட்டிக்கு வந்தார்கள். ‘இருக்கைப் போர்’ என்று பங்கு மக்கள் இதைச் சொல்கிறார்கள். வெள்ளையர் ஒன்று வாங்கினால் கருப்பர் மூன்று வாங்கினார்களாம். வாங்கியதில் இரு ஓரத்து வரிசைகளையும் அடிமைகளுக்கென்றே கொடுத்துவிட்டார்கள்.

இதைப் பெருமையாகச் சொல்வார்கள், பெருமைக்குரியதுதான். ஆனாலும் என் சமூகவியல் படிப்பு ‘ஓரம்’ என்ற சொல்லில் தடுக்கி நிற்கிறது. இடம் கிடைத்தது, ஓரத்தில் கிடைத்தது. விடுதலை பெற்றவர்களிலும் சிலர் அடிமைகளை வைத்திருந்த ஊர் அது. நம் வடக்கன்குளத்தை நினைத்துப் பாருங்கள். 1872இல் வெள்ளாளர்களுக்கு ஒரு பக்கம், நாடார்களுக்கு ஒரு பக்கம் என்று கால்சட்டை போல இரண்டாகப் பிரிந்த கோயிலையே கட்டினார்கள். 1910இல் காசனேல் அடிகளார் அந்தத் தடுப்பை இடித்தபோது, அதைத் திரும்பக் கட்டித் தரச் சொல்லி வெள்ளாளர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். அங்கே இருக்கை வாங்கப் பணம் கட்டினார்கள். இங்கே சுவர் கேட்டு வழக்குச் செலவு செய்தார்கள்.

2004 அக்டோபர் 30ஆம் நாள், கல்லறைத் திருநாளுக்கு மூன்று நாள் முன்னதாக, அகஸ்தினார் பங்கு மக்கள் ஆலயத்தின் பக்கவாட்டுத் தோட்டத்தில் ஒரு கெபியை அர்ப்பணித்தார்கள். ‘அறியப்படாத அடிமையின் கல்லறை’ என்பது அதன் பெயர். நம் கெபிகளில் இருப்பது போல் மாதா சுரூபம் இல்லை. கப்பல் நங்கூரத்துக்குக் கட்டுகிற பருமனில் இரும்புச் சங்கிலியைப் பற்றவைத்து ஒரு பெரிய சிலுவை. நிமிர்ந்து நிற்காது, சாய்ந்து கிடக்கும். அதில் கைவிலங்குகள் தொங்கும். சுற்றிலும் சிறு சிலுவைகள். காய்ச்சலில் செத்து அவசரமாகப் புதைக்கப்பட்டவர்கள், கொன்று மறைக்கப்பட்டவர்கள், பெயரில்லாதவர்கள், காலூன்ற மண் இல்லாதவர்கள் எல்லாருக்கும் என்று கல்வெட்டு சொல்கிறது. ஆப்பிரிக்கர்களோடு, அடிமைகளாக்கப்பட்ட செவ்விந்தியர்களையும் சேர்த்தே சொல்கிறது. இன்னாருடைய எலும்பு என்று யாரும் தோண்டிப் பார்த்துக் கட்டவில்லை. இந்த மண்ணுக்குள் அவர்கள் இருக்கிறார்கள் என்று அறிவித்தார்கள், அவ்வளவுதான். ஆவணம் யார் கையில் இருந்ததோ அவர்களே வரலாறு எழுதிய ஊரில் இது சின்ன வேலை அல்ல.

இதே ட்ரெமேயில் கிளைபோர்ன் சாலை நடுவே ஓக் மரங்கள் வரிசையாக நின்றன. கருப்பின மக்களின் திருவிழாத் திடல் அது. 1966இல் அந்த மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு அங்கே மேம்பால நெடுஞ்சாலை கட்டினார்கள். யாரிடமும் கேட்கவில்லை. மரத்துக்கும் பட்டா இல்லை, அதன் நிழலுக்கும் இல்லை.

அடுத்து 2005இல் கத்ரீனா புயல். ஊர் மூழ்கியது, மக்கள் சிதறினார்கள். 2006 மார்ச்சில், ஆள் குறைவு, வருமானம் போதவில்லை என்று பேராயர் இல்லம் இந்தப் பங்கை மூடி, பக்கத்துப் பங்கோடு இணைத்தது. 1990 முதல் இருந்த பங்குத் தந்தை ஜெரோம் லெடூவையும் மாற்றியது. மக்கள் விடவில்லை. போராட்டக்காரர்கள் பங்குத் தந்தை இல்லத்துக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டார்கள். திருப்பலியில் கூச்சல், வெளியே போலீஸ். ஏப்ரலில் பேராயர் இல்லம் இறங்கி வந்து பதினெட்டு மாதத் தவணை கொடுத்தது. அதற்குள் ஆளும் காசும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை. பரீட்சை மாதிரி. எழுதித் தேறினார்கள். பங்கு இன்றும் இருக்கிறது. லெடூ அடிகளாரை மட்டும் திருப்பித் தரவில்லை.

தங்கள் வியர்வையால் எழுந்த கோயிலைத் தாங்களே நடத்தலாமா என்று அவர்கள் தவணைக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆலயச் சொத்து, பங்குப் பேரவை என்று நம் மறைமாவட்டங்களில் பேசுகிற தோழர்கள் இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கெபி கட்ட அனுமதி எளிது. சாவி யாரிடம் என்று கேட்டால்தான் போலீஸ் வருகிறது.

போன நவம்பர் 2ஆம் தேதி எங்கள் தெருப் பிள்ளைகள் சிலர் அரிவாளோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய் எங்கள் பக்கத்து வேலிக்கருவையை வெட்டினார்கள். தாத்தாவைப் புதைத்த இடம் எது என்று என்னிடம் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. அம்மா ஓர் இடத்தைக் காட்டினார். சித்தி, இல்லை அக்கா, அங்கே என்று வேறோர் இடத்தைக் காட்டினார். இரண்டு இடத்திலும் மெழுகுவத்தி ஏற்றினோம்.