பாக்டீரியாவுக்குள் ஒரு சாரம்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. என்னிடம் பிளஸ் ஒன் உயிரியல் படித்தவர்கள் அவசியம் படியுங்கள். உங்களுக்கு ஒன்றைத் தவறாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

புரோகேரியோட், யூகேரியோட் செல்களின் வேறுபாடுகள். ஐந்து மதிப்பெண் கேள்வி, நினைவிருக்கிறதா? கரும்பலகையில் அட்டவணை போடுவேன். 'செல் சட்டகம்' என்ற வரியில் யூகேரியோட்டுக்கு 'உண்டு', புரோகேரியோட்டுக்கு 'இல்லை'.

2004 வாக்கில் ஒரு மாணவி எழுந்து, "சார், சட்டகம் இல்லேன்னா பாக்டீரியா எப்படிக் கோல் மாதிரி நீளமா இருக்கு?" என்றாள். "அதான் செல் சுவர் இருக்கே" என்றேன். "அந்தச் சுவரை நீளமாக் கட்டணும்னு யார் சார் சொன்னது?" என்றாள். பாடத்தில் இல்லாததைக் கேட்காதே என்று உட்காரவைத்துவிட்டேன்.

அந்த 'இல்லை' எப்படி வந்தது? எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க, செல்லை முதலில் வேதிப்பொருளில் பதப்படுத்த வேண்டும். பழைய முறையில் செல்லின் உள்ளே இருந்த நுண்குழல்கள் பெரும்பாலும் சிதைந்துபோயின. 1963ல் குளூட்டரால்டிஹைடு புழக்கத்துக்கு வந்தது. அதே ஆண்டு லெட்பெட்டரும் கீத் போர்ட்டரும் தாவரச் செல்களில் நுண்குழல்களைத் தெளிவாகக் காட்டினார்கள். சில ஆண்டுகளில் சிகாகோவில் போரிசியும் டெய்லரும், கால்ச்சிசின் என்ற மருந்து செல்லுக்குள் எந்தப் புரதத்தில் போய் ஒட்டுகிறது என்று தேடி, அந்தக் குழல்களின் செங்கல்லான ட்யூபுலினைப் பிடித்தார்கள். (நம் மாநில மலரான செங்காந்தளில் இருக்கும் அதே கால்ச்சிசின்தான்.)

பாக்டீரியாவில் அப்படி எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. தெரியாதது 'இல்லை' என்று புத்தகத்தில் ஏறிவிட்டது.

1991ல் அமெரிக்காவின் கன்சாஸில் எர்ஃபெய் பி, ஜோ லட்கென்ஹாஸ் இருவரும் ஈ.கோலை பாக்டீரியா இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு புரதம் வளையம்போலச் சூழ்ந்திருப்பதைக் கண்டார்கள். அதன் பெயர் எஃப்.டி.எஸ்.இசட். 1998 ஜனவரியில் 'நேச்சர்' இதழின் ஒரே வெளியீட்டில் அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று நம் செல்லில் உள்ள ட்யூபுலினின் வடிவம். மற்றொன்று கேம்பிரிட்ஜில் ஜேன் லோவும் லிண்டா ஏமோஸும் கண்ட எஃப்.டி.எஸ்.இசட் வடிவம். அமினோ அமில வரிசையில் ஒற்றுமை மிகக் குறைவு. மடிந்திருந்த விதமோ அச்சாக ஒன்றே. பங்காளிகள்!

2001ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜெஃப் எரிங்டன் குழு, பேசில்லஸ் பாக்டீரியாவில் நம் தசையின் ஆக்டினுக்கு உறவான எம்.ஆர்.இ.பி. என்ற புரதம் இழைகளாக இருப்பதைக் காட்டியது. 2003ல் வளைந்த காலோபேக்டரில் கிரெசென்டின் கிடைத்தது. அந்தப் புரதம் இல்லாவிட்டால் வளைந்த செல் நேர்கோலாகிவிடுகிறது.

இதிலும் ஒரு திருத்தம் வந்தது. எம்.ஆர்.இ.பி. செல்லைச் சுற்றி ஸ்பிரிங் மாதிரி ஓடுகிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். 2011ல் உயிருள்ள செல்லில் உற்றுப் பார்த்தபோது, அவை துண்டு துண்டாக, செல்லின் குறுக்கே சுற்றி நகர்வது தெரிந்தது. கூடவே சுவர் கட்டும் நொதிகளும் நகர்கின்றன. புதுச்சுவர் குறுக்குவாட்டில் சேரச்சேர, செல் பருக்காமல் நீள்கிறது. கொத்தனாருக்குக் கட்டும் சாரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மாணவியின் கேள்விக்கு இதுதான் விடை. அதில் பெரும்பகுதி அவள் கேட்ட அன்றைக்கே அச்சில் இருந்தது. நான்தான் படிக்கவில்லை. செல் சுவர் என்று நான் சொன்னதும் பாதி சரி. மீதிப் பாதியைத்தான் அவள் கேட்டாள்.

இப்போது பணியில் இருக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அட்டவணையில் 'இல்லை' என்று எழுதும்போது, யார் எதை வைத்துத் தேடிப் பார்த்து அப்படிச் சொன்னார்கள் என்று ஒரு நிமிடம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அம்மா, இந்தப் பதிவு உன் கண்ணில் பட்டால், உன்னை உட்காரச் சொன்னதற்கு என்னை மன்னித்துவிடு. நீ கேட்டது நல்ல கேள்வி.