இரண்டு பக்கமும் கைவிட்ட இசைத்தட்டுகள்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்கும்போதே, "ஹாஸ்டல் மெஸ் பற்றி மட்டும் வேண்டாம், ஏற்கனவே நாலு வந்துவிட்டது" என்று எச்சரித்துத்தான் கேட்டார்கள். கிரிக்கெட்டுக்கும் ஆள் இருக்கிறதாம். ஆகவே நான் இசையைப் பற்றி எழுதுகிறேன். அதுவும் டெத் மெட்டலும் ஜாஸும் கலந்த இசை! மூத்த முன்னாள் மாணவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடாமல் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். விக்கு விநாயக்ராம் அவர்களின் கடமும் இந்தக் கதையில் வருகிறது.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. டெத் மெட்டல் என்பது 1980களில் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் செழித்த ராக் இசையின் ஒரு கிளை. கிதாரின் சுருதியை இறக்கி, அதன் ஒலியைக் கரகரப்பாக்கி, டிரம்ஸை இரண்டு காலாலும் மாற்றி மாற்றி உதைத்து, பாடுவதற்குப் பதிலாக அடித்தொண்டையில் உறுமுவார்கள். ஜாஸ் வேறு குணம். ஒரு மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மேடையிலேயே கற்பனை செய்து விரித்துக்கொண்டு போவது. நம்ம கச்சேரியில் கல்பனாஸ்வரம் பாடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

எங்கள் செட் 2006 முதல் 2010 வரை. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் படித்தவர்களுக்குத் தெரியும்: வகுப்பில் தமிழ், டீக்கடையில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம். பெங்களூர் 40 கிலோமீட்டர்தான். அத்திப்பள்ளி தாண்டிவிட்டால் வேறு உலகம். 2007 மார்ச் 17 அன்று பேலஸ் கிரவுண்ட்ஸில் அயர்ன் மெய்டன் குழு இந்தியாவில் முதன்முறையாக வாசித்தபோது எங்கள் ஹாஸ்டலிலிருந்து பதினொரு பேர் போனார்கள். மறுநாள் காலை கறுப்பு டீ-ஷர்ட்டும் அடைத்த காதுமாக வந்து இறங்கினார்கள். அதற்கப்புறம் இரண்டாம் மாடி முழுக்க மெட்டல்தான். வார்டன் பாவம்!

அந்த மாடிக்கு யாரோ ஒரு ஹார்டு டிஸ்கில் கொண்டுவந்து சேர்த்த ஆல்பம்தான் 'ஃபோகஸ்'. மயாமியைச் சேர்ந்த சினிக் குழு 1993 செப்டம்பரில் வெளியிட்டது. டெத் மெட்டலும் ஜாஸும் ஒன்றாகக் கலந்த தொடக்ககால ஆல்பங்களில் முக்கியமானது. உறுமல் வரும், அடுத்த நிமிடமே இயந்திரத்தில் வடிகட்டிய மனிதக் குரல் ஒன்று மிதந்து வரும், பிறகு டிரம்ஸ் ஒரு பக்கமும் கிதார் ஒரு பக்கமும் வேறு வேறு கணக்கில் ஓடும்.

எல்லோரும் சேர்ந்து கேட்டோம். மெட்டல் கோஷ்டி சொன்னது: "மச்சி, நடுவுல எதுக்குடா ரோபோ பாடுது? அடிக்க வந்தவன் பாதியில உக்காந்து வீணை வாசிக்கிறான்." ஹாஸ்டலில் ஜாஸ் கேட்பவன் ஒரே ஒருத்தன், பெங்களூர்ப் பையன். அவன் சொன்னது: "எல்லாம் சூப்பர். அந்த உறுமல மட்டும் எடுத்துட்டா வாங்கிடுவேன்." இன்னொரு நண்பனின் அப்பா சிப்காட்டில் பவர் பிரஸ் ஓட்டுபவர். அவன் தீர்ப்புதான் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது: "இதுக்கு நான் ஏன்டா காசு குடுக்கணும்? அப்பாவுக்கு இதைக் கேக்கறதுக்கு சம்பளமும் குடுத்து ஓ.டி.யும் குடுக்கறாங்க."

எங்களுக்கு இரண்டு வருடம் சீனியரான ஓர் அண்ணன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கிருஷ்ணகிரிக்காரர், சின்ன வயதிலிருந்து மிருதங்கம் கற்றவர். தொடையில் விரல் மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும், "இவன் சும்மா அடிக்கலடா, கணக்கு வெச்சு வாசிக்கிறான்" என்றார்.

அந்தக் குழுவின் வரலாற்றைப் பிற்பாடு படித்தபோது, எங்கள் மாடியில் நடந்ததுதான் அமெரிக்காவிலும் நடந்தது என்று தெரிந்தது. ஆல்பம் உருவாவதற்கே பெரும்பாடு. 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் ஃப்ளோரிடாவைத் தாக்கியதில் அவர்கள் ஒத்திகை பார்த்த இடமே நாசமானது. பதிவு பல மாதம் தள்ளிப்போனது. பிறகு 1994இல் கன்னிபல் கார்ப்ஸ் என்ற அப்பட்டமான டெத் மெட்டல் குழுவுக்கு முன்னால் வாசிக்க இவர்களை அனுப்பினார்கள். கறிவிருந்துக்கு வந்தவர்களுக்குப் பாயசம் பரிமாறினால் என்ன ஆகும்? கூட்டம் விரோதமாகவே நடந்துகொண்டது. அந்த வருடமே குழு கலைந்தது. ஒரே ஆல்பம், அதோடு சரி என்று ஆனது.

என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். கலப்பு ஆல்பம் ஒன்று வந்தால், முதல் தீர்ப்பைச் சொல்பவர்கள் அதன் இரண்டு தாய்வீட்டுக்காரர்களும்தான். இரண்டு பேரும் தங்கள் வீட்டுச் சாமான் எது குறைகிறது என்றுதான் எண்ணிப் பார்க்கிறார்கள். மெட்டலர்ஜி வகுப்பில் சால்டரிங் ஈயம் பற்றிப் படித்தது நினைவிருக்கிறதா? வெள்ளீயம் உருக 232 டிகிரி, காரீயம் உருக 327 டிகிரி வேண்டும். 63க்கு 37 என்று கலந்தால் 183 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. இரண்டின் சராசரி அல்ல, இரண்டுக்கும் கீழே! கலவைக்கென்று சொந்த குணம் ஒன்று உண்டு. அதை வெள்ளீயத்தின் தராசில் நிறுத்துப் பயனில்லை.

இந்த நாடகம் சினிக்குக்குப் பதினேழு வருடம் முன்பே நம்ம ஊர் வித்வான்களை வைத்து நடந்திருக்கிறது. 1976இல் வெளிவந்த 'சக்தி' ஆல்பத்தைத்தான் சொல்கிறேன்.

ஜான் மெக்லாஃப்லின் இங்கிலாந்துக்காரர், ஜாஸ் கிதார் மேதை. 1971இல் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற குழுவைத் தொடங்கினார். பெயர் சாந்தமாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. அந்தக் காலத்தின் மிகச் சத்தமான குழுக்களில் அது ஒன்று. இரட்டைக் கழுத்து மின்கிதார். பில்லி காபம் என்ற டிரம்மர் இரண்டு பாஸ் டிரம்களை உதைத்து வாசிப்பார். பின்னாளைய மெட்டல்காரர்களின் கால் வேலையை அங்கேயே கேட்கலாம். ராக் ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள்.

அந்த மனிதர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்கப் போனார். வயலின் கலைஞர் எல். சங்கரோடு பழக்கம் ஏற்பட்டது. தபலாவுக்கு ஜாகிர் உசேன், கடத்துக்கு விநாயக்ராம், மிருதங்கத்துக்கு ஆர். ராகவன். மின்சாரத்தை மூட்டை கட்டிவிட்டு, எல்லோரும் மேடையில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். முதல் ஆல்பம் ஸ்டுடியோவில் பதிவானதல்ல. 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தில் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரியின் நேரடிப் பதிவு அது. (கல்லூரி கல்ச்சுரல்ஸை இளப்பமாக நினைப்பவர்கள் கவனிக்க!) மொத்தம் மூன்றே உருப்படிகள். ஒன்று மட்டும் ஏறக்குறைய 29 நிமிடம்.

பொறியாளன் என்பதால் அந்தக் கிதாரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சாதாரணக் கிதாரில் விரல் கம்பியை அழுத்தினால் அடியில் மரம் தட்டும். கம்பியைப் பக்கவாட்டில் இழுப்பது சிரமம். வீணையில் மேளச் சட்டத்தின் மேல் மெட்டுகள் உயர்ந்து நிற்கின்றன, அடியில் வெற்றிடம். அதனால்தான் கம்பியை இழுத்துக் கமகம் பிடிக்க முடிகிறது. மெக்லாஃப்லினுக்காகச் செய்த கிதாரில் மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகக் கடைந்துவிட்டார்கள். போதாததற்கு, ஆறு கம்பிகளுக்கு அடியில் சாய்வாக ஏழு கம்பிகள், தம்பூரா மாதிரி ரீங்காரத்துக்கு. வாசிப்பவன் வேறு ஊருக்குப் போகும்போது வாத்தியமும் கூடவே மாறவேண்டியிருக்கிறது. இந்த ஒன்றுக்காகவே அந்த ஆல்பத்தை நான் மதிக்கிறேன்.

கடத்துக்கு நடந்தது அதைவிடப் பெரிது. நம்ம கச்சேரி மேடையில் கடம் உபபக்கவாத்தியம். மிருதங்கத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, தனி ஆவர்த்தனத்தில் கிடைக்கிற பங்கை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். சக்தியில் அது கிதாருக்கும் தபலாவுக்கும் சமமாக முன்வரிசையில் உட்கார்ந்தது. கேள்வி ஒன்று, பதில் ஒன்று என்று கிதாரும் கடமும் பேசிக்கொள்ளும் இடங்கள் உண்டு.

ரசிகர்கள் என்ன சொன்னார்கள்? மகாவிஷ்ணுவின் இடிமுழக்கத்துக்காக வந்த ராக் ரசிகர்களுக்கு ஏமாற்றம். மின்கிதார் எங்கே, டிரம்ஸ் எங்கே? பதிவு நிறுவனத்துக்கும் உற்சாகம் இல்லை. நம்ம பக்கமும் லேசுப்பட்டதல்ல. மிருதங்க அண்ணனின் தாத்தா அந்தத் தட்டைக் கேட்டுவிட்டுச் சொன்னது எனக்கு மனப்பாடம்: "கடம் பேஷ்! ஆனா ராகத்தை ஒரு நிமிஷம் நிக்க விடமாட்டேங்கிறானே, ரயிலா பிடிக்கணும்?" மூன்று ஆல்பங்களுக்குப் பிறகு 1978இல் சக்தி கலைந்தது. மெக்லாஃப்லின் மறுபடி மின்கிதாரைத் தூக்கிக்கொண்டார்.

எல்லைக்கு அந்தப் பக்கமும் ஒரு முயற்சி நடந்தது. பெங்களூரில் டி.ஏ.எஸ். மணி நடத்திய கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்க்கஷன் குழுவும் பாடகி ஆர்.ஏ. ரமாமணியும் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோவும் சேர்ந்து 1983இல் 'ஜ்யோதி' ஆல்பத்தை ஜெர்மனியின் இ.சி.எம். நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார்கள். நம்ம கல்லூரியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய இடத்து ஆட்கள். எங்கள் மாடியில் ஒருத்தனுக்கும் அப்போது தெரியாது. ஃப்ளோரிடா தெரிந்தது!

2009இல் ஸ்வீடனின் ஓபெத் குழு சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவில் வாசித்தபோது எங்களில் ஐந்து பேர் கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் பிடித்துப் போனோம். உறுமலும் மென்குரலும் மாறி மாறி வரும் இசை. இரண்டே வருடத்தில், 2011இல், 'ஹெரிட்டேஜ்' ஆல்பத்தில் அவர்கள் உறுமலையே விட்டுவிட்டார்கள். ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். நான்கு ஆல்பம் அப்படியே போயிற்று. 2024இல்தான் உறுமல் திரும்பியது. இவர்கள் பிழைத்ததற்குக் காரணம், சண்டை போட்ட இரண்டு கூட்டமும் கடைசிவரை டிக்கெட் வாங்கியதுதான் என்பது என் எண்ணம். சினிக்குக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

எங்கள் கல்லூரிக் குழுவுக்கும் கிடைக்கவில்லை. மேலே சொன்ன மிருதங்க அண்ணன் 2008இல் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டார். மிருதங்கம் அவர்; கரகர கிதார் ஒருத்தர்; டபுள் பெடல் டிரம்ஸ் ஒருத்தர்; கீபோர்டு ஒருத்தர். பாட்டு கிடையாது. ஐந்து அட்சரத்தில் மிருதங்கம், அதன்மேல் டிரம்ஸ் நாலில் ஓடி, இருபதில் வந்து ஒன்று சேரும். ஆம்ப்ளிஃபயர் தூக்குவது என் வேலை. வெளியூர்க் கல்லூரி ஒன்றின் போட்டிக்குப் போனோம். விண்ணப்பத்தில் இரண்டே கட்டம்: மெல்லிசை, மேற்கத்திய இசை. மெல்லிசைக்காரர்கள் இந்தக் கிதார் ஆகாது என்றார்கள். மேற்கத்தியக்காரர்கள் மிருதங்கத்தைப் பார்த்து முழித்தார்கள். ஒருவழியாக இரண்டாவது கட்டத்தில் மேடையேறினால், இரண்டாம் நிமிடமே ஊளை ஆரம்பித்தது. முன்வரிசை "பாட்டு! பாட்டு!" என்றது, பின்வரிசை "மிருதங்கத்த நிறுத்து!" என்றது. இருபதில் ஒன்று சேரும் இடத்தை இரண்டு முறை சரியாகப் பிடித்துவிட்டுத்தான் இறங்கினார்கள். அதைக் கவனித்தவர்கள் எங்கள் வேனில் வந்தவர்கள் மட்டுமே. அடுத்த மாதம் டபுள் பெடல் ஒரு பெங்களூர்ப் பையனுக்கு விலைபோயிற்று. அந்தப் பணத்தில் ஒருத்தரின் மெஸ் பாக்கி தீர்ந்தது. (மெஸ் பற்றி எழுதாதே என்றார்கள், அதுவே வந்து மாட்டுகிறது!)

இசைத்தட்டுக்கு ஒரு வசதி, குழு கலைந்தாலும் அது இருக்கும். சக்தியைக் கேட்டு வளர்ந்த வேறொரு தலைமுறை வந்தது. 1997இல் குழு 'ரிமெம்பர் சக்தி' என்ற பெயரில் மீண்டும் கூடியது, மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ், விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ், சங்கர் மகாதேவன் ஆகியோர் அதில் வந்து சேர்ந்தார்கள். 2023இல் வந்த 'திஸ் மொமென்ட்' ஆல்பத்துக்கு 2024 பிப்ரவரியில் கிராமி விருது கிடைத்தது. அதே டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்தார். சினிக்கும் 2006இல் மீண்டும் சேர்ந்து 2008இல் இரண்டாவது ஆல்பம் வெளியிட்டது. முன்பு ஊளையிட்ட அதே ஆல்பத்தைக் கேட்க ஐரோப்பாவில் கூட்டம் கூடியது. டிரம்ஸ் வாசித்த ஷான் ரைனர்ட்டும் பாஸ் வாசித்த ஷான் மலோனும் 2020ஆம் ஆண்டிலேயே அடுத்தடுத்து காலமானார்கள். 'ஃபோகஸ்' ஆல்பத்தின் உறுமல் இடங்கள் எனக்கு இன்றும் முழுதாக ஒட்டவில்லை. ஆனால் 'டெக்ஸ்சர்ஸ்' என்ற ஏழாவது உருப்படியில் குரலே இல்லை. அந்த இருவரும் வாசிப்பதை ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் குழு பதிவு எதுவும் செய்துவைக்கவில்லை. ஒரு செல்போனில் நாற்பது விநாடி இருக்கிறது, அதிலும் பாதி ஊளை. அண்ணன் இப்போது ஓசூரில் ஒரு டூல் ரூமில் பொறுப்பில் இருக்கிறார். சந்திப்பு விழா மாலையில், உணவுக்கு முன்பு, பழைய உருப்படியை வாசிக்கச் சம்மதித்திருக்கிறார். கிதாரும் கீபோர்டும் வருகிறார்கள். டிரம்ஸ்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், வர இயலாது. தற்போதைய மாணவர்களில் டபுள் பெடல் வாசிப்பவர் யாராவது இருந்தால் முதல் நாள் மாலைக்குள் மலர்க் குழுவினரிடம் பெயர் கொடுக்கவும். ஒத்திகை இரண்டாம் மாடியில். ஐந்துக்கு நாலு, இருபதில் சேர வேண்டும்.