பீர்மேட்டு மலைப்பாதையும் ஒரு பெயரின் வரலாறும்

மதரஸாவில் ஹதீஸ் கலைப் பாடம் நடந்துகொண்டிருந்த ஒரு காலைப் பொழுதில், கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்த மாணவர் ஒருவர் எழுந்து, "ஹஜ்ரத்! பீர் முகம்மது அப்பா அவர்கள் அடங்கியிருப்பது தக்கலையிலா, பீர்மேட்டிலா?" என்று வினவினார். "தக்கலையில்தான், இதிலென்ன ஐயம்?" என்றேன். அவர் சுற்றுலாப் பயணிகளுக்கான சிறு கையேடு ஒன்றை எடுத்து என் முன் வைத்தார். பீர்மேட்டிலுள்ள ஒரு குன்று சூஃபி ஞானி பீர் முகம்மதுவின் அடக்கவிடம் என்றும், அவர் பெயராலேயே அவ்வூர் பீர்மேடு ஆயிற்று என்றும் அதில் கண்டிருந்தது. "அச்சில் இருக்கிறதே, ஹஜ்ரத்?" என்றார் மாணவர்.

அச்சில் இருப்பதெல்லாம் உண்மையாகிவிடாது என்று சொல்லி அவரை அமரச் செய்திருக்கலாம். ஆனால் அறிவிப்பாளர்களை எடைபோடும் கலையைக் கற்பிக்கும் இடத்தில் அப்படி வாயடைப்பது முறையாகாது என்று பட்டது. அடுத்த விடுமுறையில் கம்பத்திலிருந்து முண்டக்கயம் வரை அம்மலைப்பாதையில் சென்று வந்தேன். கண்டவற்றையும், அப்பெயரைப் பற்றி எண்ணியவற்றையும் வாசக அன்பர்கள் முன் வைக்கிறேன்.

பள்ளத்தாக்கிலிருந்து மலைக்கு

திண்டுக்கல்லில் தொடங்கித் தேனி, குமுளி, கோட்டயம் வழியாகக் கொல்லம் சேரும் 183ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் நடுப்பகுதியே நாம் பேசும் பாதை. உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களைக் கடக்கும்வரை இருபுறமும் நெல் வயல்களும் திராட்சைப் பந்தல்களும் தென்னந்தோப்புகளும் கண்ணுக்கு விருந்தளிக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் அமைந்த இப்பள்ளத்தாக்கு மழை மறைவுப் பகுதியாகும். தென்மேற்குப் பருவக்காற்று தன் சுமையை மலைக்கு அப்பால் இறக்கிவிட்டு, வறண்ட காற்றாகவே இப்பக்கம் வருகிறது. அவ்வாறிருந்தும் இம்மண் பசுமை பூண்டிருப்பதற்குக் காரணம், மலையைக் குடைந்து கொண்டுவரப்பட்ட நீர்.

மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கும் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்ப வேண்டும் என்னும் எண்ணம் 1789ஆம் ஆண்டிலேயே இராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்ப பிள்ளைக்கு உதித்தது என்பர். அவ்வெண்ணம் நிறைவேற ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 1886 அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் அரசுக்கும் சென்னை மாகாண அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பொறியாளர் ஜான் பென்னிகுயிக் தலைமையில் 1887இல் தொடங்கிய வேலை 1895இல் நிறைவுற்றது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையால், ஏறத்தாழ 1,200 அடி நீளத்தில் எழுந்தது அவ்வணை. வெள்ளமும் காட்டுக் காய்ச்சலும் எத்தனையோ தொழிலாளரைப் பலிகொண்டன. தேக்கிய நீர் மலைக்குள் குடைந்த சுரங்கத்தின் வழியே இப்பக்கம் இறங்கி வைகையைச் சேர்கிறது.

மலையடிவாரத்திலுள்ள லோயர் கேம்பில், மின்நிலையத்திற்கு நீரைக் கொண்டுசெல்லும் பெருங்குழாய்கள் மலைச்சரிவில் இறங்கும் காட்சியைச் சாலையிலிருந்தே காணலாம். 2013இல் பென்னிகுயிக்கிற்கு இங்கே மணிமண்டபம் திறக்கப்பட்டது. அவருடைய பிறந்த நாளான ஜனவரி 15ஆம் நாள் இப்பள்ளத்தாக்கு மக்கள் அவர் பெயரால் பொங்கலிடுகின்றனர். செய்ந்நன்றி மறவாமைக்கு இது நல்லதொரு சான்று. ஒரு மனிதரின் பெயர் ஊர் மக்களின் நாவில் எப்படி வேர் பிடிக்கிறது என்பதையும் இது காட்டுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

குமுளியும் கானகமும்

லோயர் கேம்பிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக் குமுளியை அடைந்ததும் காற்றே மாறிவிடுகிறது. ஏலக்காயும் மிளகும் கிராம்பும் கடைத்தெருவெங்கும் மணக்கின்றன. இரு மாநிலங்களின் எல்லையும் இவ்வூரிலேயே சந்திக்கிறது. ஒரே தெருவில் தமிழும் மலையாளமும் வேற்றுமையின்றிப் புழங்கக் கேட்கலாம்.

குமுளியை அடுத்துள்ள தேக்கடியில் பெரியாற்று அணையின் நீர்த்தேக்கம் விரிந்து கிடக்கிறது. 1895இல் நீர் ஏறியபோது மூழ்கிய காட்டின் மரங்கள், பட்டுப்போன அடிமரங்களாக இன்றும் நீருக்கு மேல் தலைநீட்டி நிற்கின்றன. அவற்றின்மேல் நீர்க்காக்கைகள் சிறகுலர்த்தும். நீர் வற்றும் கோடையில் யானைக் கூட்டங்களும் காட்டெருமைகளும் மிளா மான்களும் கரைக்கு வரும். திருவிதாங்கூர் அரசு 1934இல் இப்பகுதியை வேட்டை தடுக்கப்பட்ட காடாக அறிவித்தது. 1950இல் அது பெரியார் வனவிலங்குப் புகலிடமாக விரிவு பெற்று, 1978இல் புலிகள் காப்பகமாயிற்று. மனிதன் தன் தேவைக்காக ஒரு பள்ளத்தாக்கை மூழ்கடித்தான். அந்நீரே பின்னர் ஊமை உயிர்களுக்கு அரணாயிற்று. படைத்தவனின் ஏற்பாட்டை என்னென்பது!

தேயிலைச் சரிவுகள்

குமுளிக்கு மேற்கே செல்லச் செல்லக் காடு விலகித் தேயிலை தொடங்குகிறது. பெரியாற்றைத் தழுவி நிற்கும் வண்டிப்பெரியாறு தேயிலை வணிகத்தின் நடுநாயகமான ஊர். சாலையின் இருமருங்கிலும் சீராக வெட்டிய தேயிலைச் செடிகள் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் காட்சியளிக்கும். பயணிகள் இதைப் படம் பிடித்துக்கொண்டு செல்கின்றனர். அப்பசுமைக்குள் பொதிந்துள்ள வரலாறு அவ்வளவு இனிமையானதன்று.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பியத் தோட்ட முதலாளிகள் இம்மலைக் காடுகளை அழித்து முதலில் காப்பியும் பின்னர் தேயிலையும் பயிரிட்டனர். கங்காணிகள் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து தொழிலாளரைத் திரட்டி வந்தனர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் இன்றும் வாழ்கின்றனர். 2000ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை வீழ்ந்தபோது இவ்வட்டாரத்தில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. கூலியும் பணிக்கொடையும் கிடைக்காமல் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் பரிதவித்தன. பாழடைந்த தேயிலை ஆலை ஒன்றைச் சாலையோரத்தில் கண்டேன். கூரைத் தகடுகள் கழன்று, உள்ளே செடி முளைத்துக் கிடந்தது.

பெயர் எழுப்பும் மூன்று வினாக்கள்

இனிப் பீர்மேட்டுக்கு வருவோம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில், புல்மேடுகளும் தேயிலைச் சரிவுகளும் சூழ அமைந்த ஊர். மலையாளத்தில் பீருமேடு என வழங்கும். இங்கு நின்றபடி மாணவரின் கேள்வியை மூன்றாகப் பகுத்துப் பார்த்தேன்.

முதலாவது, பெயரிலுள்ள 'பீர்' யாது? பீர் என்பது அரபுச் சொல்லன்று, பாரசீகம். முதியவர், ஞானவழிகாட்டி என்பது பொருள். அரபியில் ஷைகு என்பதற்கு நேரானது. மேடு என்பதோ நல்ல தமிழ். பீர் ஒருவர் தங்கிய மேடு பீர்மேடு எனக் கொள்வது பொருத்தமாகவே உள்ளது. எனினும் பீர் என்னும் சொல் தமிழிலும் தொன்மையானது. பீர்க்கங்கொடியைச் சங்கப் புலவர்கள் பீர் என்றே குறித்தனர். அதன் மஞ்சட் பூவைப் பசலை நிறத்திற்கு உவமையாக்கினர். ஆகவே சொல்லொலியை மட்டும் சான்றாகக் காட்டி வழக்கை முடித்துவிட இயலாது.

இரண்டாவது, பீர் ஒருவரே எனின், அவர் எந்தப் பீர் முகம்மது? தமிழ் முஸ்லிம்கள் நெஞ்சில் நிறைந்தவர் தக்கலை பீர் முகம்மது அப்பா (ரஹ்) அவர்கள். தென்காசியில் பிறந்து, தக்கலையில் வாழ்ந்து, நெசவுத் தொழிலால் உண்டு உடுத்தார் என்பது வழிவழி வந்த செய்தி. ஞானப்புகழ்ச்சி முதலான ஞான இலக்கியங்களைத் தமிழுக்குத் தந்தவர். சதக்கத்துல்லாஹ் அப்பா (1632–1703) அவர்களின் காலத்தவர் என்பதும் மரபு. மலைக்காடுகளில் பல ஆண்டுகள் தனித்திருந்து தவம் புரிந்தார் என்னும் செய்தியும் அவர் வரலாற்றோடு சேர்ந்தே வருகிறது. அம்மலை பீர்மேடே என்பர் பலர்.

கையேடுகளோ அவர் திருவிதாங்கூர் அரச குடும்பத்திற்கு நெருக்கமானவர் என்பதையும் இதனுடன் இணைக்கின்றன. தக்கலைக்கு அருகிலேயே பத்மநாபபுரம் அரண்மனை இருப்பதால், அங்கு அத்தகைய நெருக்கம் இருந்திருக்கக் கூடும். ஆனால் 17ஆம் நூற்றாண்டில் பீர்மேட்டு மலைகள் வேணாட்டு அரசின் கீழ் இல்லை. பாண்டியர் வழியினர் எனத் தம்மைக் கூறிக்கொண்ட பூஞ்ஞாற்றுத் தலைவர்களின் ஆளுகை இம்மலைகளில் நிலவிற்று. வேணாடு வடக்கே விரிந்தது மார்த்தாண்ட வர்மர் (1729–1758) காலத்தில்தான். ஆதலால் அரச நட்பைக் கொண்டு மலைப்பெயரை நிறுவ முற்படுவது காலமுறைக்கு ஒவ்வாது.

மூன்றாவது, அடக்கவிடமா, தங்கிய இடமா? இங்கு நம் மரபை அறியாதவர்கள் எளிதில் தடுமாறுவர். இறைநேசர் ஒருவர் அடங்கிய இடம் வேறு. அவர் தங்கியதாக நினைவுகூரப்படும் இடம் வேறு. நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகை அவர்கள் நாகூரில் அடங்கியிருக்க, பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அவர்கள் பெயரால் நம் முன்னோர் நினைவிடங்கள் எழுப்பினர். அவை கபுறுகள் அல்ல. கீழ்த்திசை சென்ற கப்பல் வணிகர்கள் தம் ஊரின் நினைவை உடன் கொண்டுசென்றதற்கு அவை அடையாளம். பீர் முகம்மது அப்பா அவர்களின் தர்கா தக்கலையில் இருப்பதும், ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் அங்கே ஞானப்புகழ்ச்சி ஓதப்படுவதும் நாடறிந்த செய்தி. எனவே பீர்மேட்டுக் குன்றை அவர்களின் அடக்கவிடம் என்று எழுதுவது பிழை. தங்கியிருந்து தவம் புரிந்த இடம் என்னும் நம்பிக்கை எந்தக் கட்டத்திலோ எழுதுவோர் கையில் அடக்கவிடமாக மாறிப்போயிற்று.

பெயரைச் சுமந்தவர்கள்

அப்படியாயின் தென்காசியிலும் தக்கலையிலும் வாழ்ந்த ஞானியின் பெயர் இம்மலைவரை எப்படி வந்தது? பாதையே இதற்கு விடை பகர்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் ராவுத்தர்கள் நெடுங்காலமாக மலைக்கு அப்பாலுள்ள ஊர்களோடு வாணிகம் செய்தவர்கள். மலைக்கு மேற்கே காஞ்சிரப்பள்ளி, ஈராற்றுப்பேட்டை, முண்டக்கயம் முதலிய ஊர்களில் தமிழகத்திலிருந்து சென்று குடியேறிய ராவுத்தர்களின் வழியினர் இன்றும் உள்ளனர். காஞ்சிரப்பள்ளியின் நயினார் பள்ளிவாசல் அத்தொடர்பை நினைவூட்டுகிறது. இரு முனைகளிலும் தமிழறிந்த முஸ்லிம்கள். நடுவே ஒரு மேடு. அம்மேட்டுக்குத் தமிழும் பாரசீகமும் இணைந்த ஒரு பெயர். பொதிமாடுகளை ஓட்டிச் சென்றோர் களைப்பாறிய இடத்தில் தம் நெஞ்சுக்குகந்த ஞானியின் பெயரை மொழிந்திருப்பர் என எண்ணுவதில் தவறில்லை. பென்னிகுயிக்கின் பெயரை மக்கள் எப்படி ஏற்றுக்கொண்டனரோ, அப்படி இப்பெயரும் நிலைத்திருக்கலாம். ஆயினும் இது என் ஊகமேயன்றிச் சான்றாகாது.

1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் பிரிந்தபோது, அதுவரை ஒரே அரசின் கீழிருந்த தக்கலை தமிழகத்தோடும் பீர்மேடு கேரளத்தோடும் சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்தில் சேர வேண்டும் எனத் தமிழர் எழுப்பிய குரல் ஏற்கப்படவில்லை. எல்லை பிரிந்தபின், இம்மலைக்கும் தக்கலைக்கும் உள்ள உறவைப் பேசும் நாவுகளும் குறைந்துவிட்டன. அவ்விடைவெளியைத்தான் கையேடுகள் தம் போக்கில் நிரப்புகின்றன.

இறக்கம்

பீர்மேட்டைக் கடந்தால் குட்டிக்கானம். திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் கோடைக்கால மாளிகையும் பைன் மரத்தோப்புகளும் பனி மூட்டமும் பயணிகளை நிறுத்திவைக்கும் இடம். அங்கிருந்து பாதை செங்குத்தாக இறங்குகிறது. வளைவு ஒன்றில் வளஞ்ஞாங்கானம் அருவி சாலையின் ஓரத்திலேயே வந்து விழுகிறது. பேருந்தின் சாளரத்தில் அதன் சாரல் தெறிக்கும். கிழக்குப் பக்கம் காணாத மழையெல்லாம் இங்கே பொழிவதால் காடு அடர்ந்து, பாறையெங்கும் நீர் கசிகிறது. அம்மழையே சில வேளை சோதனையுமாகிறது. 2021 அக்டோபரில் முண்டக்கயத்திற்கு அருகே கூட்டிக்கல், கொக்கயாறு ஊர்களில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் பல உயிர்கள் பறிபோயின. முண்டக்கயத்தில் மணிமலை ஆற்றைக் காணும்போது தேயிலை மறைந்து ரப்பர் தோட்டங்கள் தொடங்கிவிடுகின்றன.

மாணவருக்குச் சொன்ன விடை

விடுமுறை முடிந்து வகுப்புக்குத் திரும்பியதும் அம்மாணவரை அழைத்து இவ்வளவையும் கூறினேன். "அப்படியானால் பீர்மேட்டுச் செய்தி பொய்யா, ஹஜ்ரத்?" என்றார்.

"நாம் படிக்கும் கலையில் பலவீனமான செய்தி என்று ஒன்றுண்டு, இட்டுக்கட்டப்பட்ட செய்தி என்று ஒன்றுண்டு. இரண்டும் ஒன்றா?" என்று கேட்டேன்.

"இல்லை, ஹஜ்ரத். அறிவிப்பாளர் தொடர் அறுந்தால் பலவீனம். பொய்யர் புனைந்தால் இட்டுக்கட்டு."

"அடக்கவிடம் என்பது பிழை, அதைத் துணிந்து மறுத்துவிடு. அப்பா அவர்கள் அம்மலையில் தங்கினார்கள் என்பது தொடர் அறுந்த செய்தி. அதை உறுதியான வரலாறு என்று மேடையில் முழங்காதே; கட்டுக்கதை என்று தூக்கி எறியவும் செய்யாதே. 'முன்னோர் இவ்வாறு கூறக் கேட்டோம்' என்று மட்டும் சொல்."

நம் ஊர்கள் பலவற்றின் வரலாறு இந்நிலையிலேயே உள்ளது. கல்வெட்டும் ஏடும் கிடைத்தவை சில. முதியோர் நாவில் மட்டும் வாழ்பவை பல. பெருமைக்காக அவற்றோடு ஒரு சொல்லைக் கூட்டினாலும், ஏளனத்தால் ஒரு சொல்லைக் குறைத்தாலும், நமக்குப் பின் வருவோர்க்குச் சேர வேண்டிய அமானிதத்தில் கைவைத்தவர்களாவோம். கோடை விடுமுறையில் மக்களோடு தேக்கடிக்குச் செல்லும் குடும்பத்தார் இன்னும் சற்றுத் தொலைவு மேற்கே சென்று பீர்மேட்டையும் கண்டு வருக. வீட்டிலுள்ள பெரியவர்களிடம் இப்பெயர் பற்றி அவர்கள் கேட்டறிந்ததைக் கேட்டு, யார் சொன்னது, அவர் யாரிடம் கேட்டது என்பதையும் சேர்த்து எழுதி வைத்துக்கொள்க. அறுந்த தொடரின் ஒரு கண்ணி உங்கள் இல்லத்திலேயே கிடைக்கலாம்.