கடல்மட்டக் காற்றழுத்தத் திருத்தம்

கடல்மட்டக் காற்றழுத்தத் திருத்தம் என்பது, ஓரிடத்தில் அளக்கப்படும் காற்றழுத்தத்தைக் கடல்மட்ட அளவுக்கு மாற்றும் முறையாகும். தாழ்நிலங்களில் ஏறத்தாழ 9 மீட்டர் உயரத்துக்கு 1 மில்லிபார் வீதம் அழுத்தம் குறைகிறது. எனவே, சுமார் 100 மீட்டர் உயரத்திலுள்ள புதுக்கோட்டை நகரில், வீட்டு வானிலைக் கருவியின் நேரடி அளவுடன் சுமார் 11 மில்லிபார் கூட்டப்பட வேண்டும். இல்லையேல், தெளிந்த நாளிலும் சில கருவிகள் மழைக்குறி காட்டக்கூடும்.

வெப்பமண்டலப் பகுதிகளில் அழுத்தம் நாள்தோறும் காலை, இரவு 10 மணியளவில் உயர்ந்தும், அதிகாலை, மாலை 4 மணியளவில் சில மில்லிபார் தாழ்ந்தும் காணப்படும். இவ்விறக்கம் மழைக்கான அறிகுறி அன்று. ஆகவே, முந்தைய நாளின் அதே நேர அளவுடன் ஒப்பிடுவதே பொருத்தமானது. 2018 நவம்பர் 16 அன்று இம்மாவட்டத்தைத் தாக்கிய கஜா போன்ற புயல்கள் நெருங்கும்போது, அழுத்தம் இந்த அன்றாட ஏற்றஇறக்கத்தையும் மீறி வீழ்கிறது.